லாஸ் வேகாஸில் போக்கர் டோர்னமென்ட்: கிளம்புமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

"வேகாஸ் போகிறேன், போவதுதான் போகிறோம், ஒரு போக்கர் டோர்னமென்ட் ஆடிப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு எல்லாம் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்: கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு, எது பெரிய கை என்ற வரிசை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. சுற்றுலாவின் நடுவே ஓரிரு டோர்னமென்ட் ஆட நினைப்பவர்களுக்குத்தான் இது.

டோர்னமென்டுக்கும் சாதாரண போக்கர் மேசைக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண மேசையில், அதாவது கேஷ் கேமில், உங்கள் முன்னால் இருக்கும் சிப் ஒவ்வொன்றும் பணம். நினைத்த நேரத்தில் எழுந்துபோய் மாற்றிக்கொள்ளலாம். டோர்னமென்டில் ஒரு தொகையைக் கட்டி உட்காருகிறீர்கள். 20,000 சிப்போ 30,000 சிப்போ தருவார்கள். அந்த எண்ணுக்கும் டாலருக்கும் சம்பந்தம் கிடையாது. பாதியில் எழுந்தால் ஒரு காசும் வராது. சிப் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எல்லாருடைய சிப்பும் ஒருவரிடம் சேரும்வரை ஆட்டம் நடக்கும், கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு இடத்துக்கேற்பப் பரிசு.

சுற்றுலாக்காரருக்கு டோர்னமென்டில் ஒரு வசதி: அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று உட்காருமுன்பே தெரியும். கேஷ் கேமில் அந்த வேலி இல்லை, பையில் கை போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு ரம்மி நன்றாக வரும், போக்கர் போனில்தான் ஆடியிருக்கிறேன். போய் உட்கார்ந்தால் சிரிப்பார்களா?

சிரிக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்! வேகாஸின் தினசரி டோர்னமென்டுகள் உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் நடக்கின்றன. முதல் தடவை என்று டீலரிடம் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் பொறுமையாக வழிகாட்டுவார்.

போனில் ஆடிப் பழகியவர்களுக்கு இரண்டு விஷயம் புதிதாக இருக்கும். ஒன்று வேகம். நேரில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 கைதான் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) பிரிப்பார்கள், அதில் முக்கால்வாசியை நீங்கள் மடித்து வைக்க வேண்டியிருக்கும். போரடிக்கிறதே என்று மோசமான சீட்டோடு உள்ளே போவதுதான் புதியவர்கள் சீக்கிரம் வெளியேறக் காரணம். இரண்டாவது, தப்பான அசைவைத் தடுக்க அங்கே திரை கிடையாது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

வயது வரம்பு உண்டா? என்ன காட்ட வேண்டும்?

நெவாடாவில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அசல் பாஸ்போர்ட், போனில் இருக்கும் படம் போதாது. அந்த கேசினோவின் பிளேயர்ஸ் கார்டும் (உறுப்பினர் அட்டை) கேட்பார்கள். கவுன்டரில் இலவசமாகத் தருவார்கள். டோர்னமென்ட் தொடங்கும் நேரத்தில் அங்கே வரிசை நீளும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியில் காட்டுகிறார்களே, அந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர், அதில் நானும் ஆட முடியுமா?

முடியும். தகுதிச் சுற்று எதுவும் கிடையாது. பணம் கட்டுகிற எவரும் ஆடலாம். உலக சாம்பியனோடு ஒரே மேசையில் நீங்களும் உட்காரக்கூடிய போட்டி வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது? 1970-இல் வேகாஸின் பழைய நகரப் பகுதியில், பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோவில் தொடங்கியது. 2005-லிருந்து ரியோ ஓட்டலில் நடந்து, 2022-இல் ஸ்ட்ரிப் சாலைக்கு மாறியது. இப்போது ஹார்ஸ்ஷூ, பாரிஸ் என்ற இரண்டு பக்கத்துப் பக்கத்துக் கேசினோக்களில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை நடக்கிறது. (இந்த ஹார்ஸ்ஷூ வேறு, அந்தப் பழைய ஹார்ஸ்ஷூ வேறு.)

எல்லாரும் பேசும் மெயின் ஈவென்டுக்கு, அதாவது அந்தத் தொடரின் முக்கியப் போட்டிக்கு, கட்டணம் 10,000 டாலர். ஆனால் அந்த ஏழு வாரத்தில் நடக்கும் பல டஜன் போட்டிகளில் சில நூறு டாலரில் ஆடக்கூடியவையும் உண்டு. அதே காலத்தில் வெனிஷியன், வின், ஆரியா, ஆர்லியன்ஸ் போன்ற இடங்களும் தங்கள் சொந்தத் தொடர்களை நடத்தும். போக்கர்தான் நோக்கம் என்றால் ஜூன் மாதம்தான் சரி. நெருப்பாக வெயில் அடிக்கும், நீங்கள்தான் வெளியே வரப்போவதில்லையே.

தினமும் பத்து இடத்தில் டோர்னமென்ட் போடுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் பரிசு எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்ட்ரக்சர் ஷீட்டைக் கேளுங்கள். ஒரு பக்கத் தாள், கவுன்டரிலேயே இருக்கும். அதில் மூன்று விஷயம் போதும்.

முதலாவது, ஒரு லெவல் எத்தனை நிமிடம். பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் தொகை, ஒவ்வொரு லெவலுக்கும் ஏறும். லெவல் 20 நிமிடம் என்றால், மேலே சொன்ன வேகப்படி ஒரு லெவலுக்குப் பத்துக் கைதான். ஒன்பது பேர் மேசையில் பிளைண்ட் உங்களிடம் ஒரு சுற்று வந்துபோனதுமே அடுத்த லெவல் வந்துவிடும். நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க அதில் நேரமே இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாரும் ஆல்-இன் (இருக்கிற சிப் மொத்தத்தையும் வைப்பது) போட்டுக்கொண்டிருப்பார்கள். 30 நிமிடம் என்றால் ஓரளவு ஆடலாம். 40 நிமிடம் சுகம். மெயின் ஈவென்டில் ஒரு லெவல் இரண்டு மணி நேரம்.

இரண்டாவது, நீங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு பரிசுத் தொகைக்குப் போகிறது. இதுதான் பலரும் பார்க்காத இடம். 150 டாலர் கட்டி அதில் 110 மட்டும் பரிசுக்குப் போகிறது என்றால், கால்வாசிக்கு மேல் கேசினோ எடுத்துக்கொள்கிறது. அந்த அளவு பிடித்தம் போனால் நன்றாக ஆடுபவர்கூட லாபம் பார்ப்பது கஷ்டம். ஒப்பிட, 2023 மெயின் ஈவென்டில் 10,043 பேர் பணம் கட்டினார்கள், பரிசுத் தொகை 9,33,99,900 டாலர். அதாவது ஒவ்வொரு 10,000-லும் 700 பிடித்தம், 7 சதவீதம். பொதுவாகக் கட்டணம் சின்னதாக ஆக ஆகப் பிடித்தத்தின் விகிதம் கூடும்.

மூன்றாவது, எத்தனை மணிக்கு முடியும். இரவு 7 மணிக்குத் தொடங்குவது அதிகாலையில்தான் முடியும். ஜெயிக்கும் வாய்ப்பு வரும் நேரத்தில் நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பீர்கள். கோடையில் இந்தியாவுக்கும் வேகாஸுக்கும் 12½ மணி நேர வித்தியாசம். வந்து இறங்கிய அன்றே ஆட வேண்டாம். இரண்டாம் நாள் காலை 11 மணி டோர்னமென்ட் என் பரிந்துரை.

ஆக, 80 டாலர் டோர்னமென்ட் மூன்று ஆடுவதைவிட, லெவல் நீளமாகவும் பிடித்தம் குறைவாகவும் இருக்கும் 250 டாலர் டோர்னமென்ட் ஒன்று மேல்.

முதல் பத்து நிமிடத்திலேயே தோற்றுவிட்டால் அவ்வளவுதானா?

பெரும்பாலான தினசரி டோர்னமென்டுகளில் ரீ-என்ட்ரி உண்டு. மறுபடி முழுத் தொகை கட்டி, புது சிப்போடு, வேறு இருக்கையில் தொடங்கலாம், குறிப்பிட்ட லெவல் வரைக்கும். மெயின் ஈவென்டில் அது கிடையாது, தோற்றால் வெளியே.

ரீ-என்ட்ரி ஒரு வசதி மாதிரித் தெரிந்தாலும், 200 டாலர் டோர்னமென்ட் ஒரே மாலையில் 600 டாலராக மாறுவது இந்த வழியில்தான். ரீ-என்ட்ரி போடுவேனா என்பதை உட்காருமுன் முடிவு செய்யுங்கள். ஆல்-இன் தோற்று எழும் அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று: கடைசி நேரத்தில் ரீ-என்ட்ரி போட்டால் பிளைண்ட் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதே பணத்துக்குப் பாதி ஆட்டம்தான் கிடைக்கும்.

சாட்டிலைட் என்கிறார்களே, குறைந்த காசில் பெரிய போட்டிக்குள் போகிற வழியாமே?

ஆமாம். சாட்டிலைட்டில் பரிசு பணமாக வராது, பெரிய போட்டியின் இருக்கையாக வரும். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட் வழியாக உள்ளே வந்து, 2003 மெயின் ஈவென்டில் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் உலகமே போக்கர் பக்கம் திரும்பியது. அவர் குடும்பப் பெயரே அதுதான், விளம்பரத்துக்கு வைத்ததல்ல.

இதன் தந்திரம் வேறு. பத்து இருக்கை என்றால் முதலாவது வந்தவருக்கும் பத்தாவது வந்தவருக்கும் ஒரே பரிசுதான். எனவே சிப் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் நல்ல சீட்டைக்கூட மடித்துவிட்டு மற்றவர்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே சரியான ஆட்டம். கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஜெயித்த இருக்கை குறிப்பிட்ட தேதிக்கு மட்டுமா, வேறு போட்டிக்கு மாற்றலாமா? நீங்கள் ஊர் திரும்பிய பிறகு நடக்கும் போட்டிக்கு இருக்கை ஜெயித்து என்ன பயன்?

மேசையில் தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளும் தப்பு என்னென்ன?

அடிக்கடி நடப்பது ஒற்றைப் பெரிய சிப். எதிராளி 400 வைக்கிறார். நீங்கள் 1,000-க்கு உயர்த்த நினைத்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு 1,000 சிப்பை முன்னால் வைக்கிறீர்கள். அது ரெய்ஸ் (தொகையை உயர்த்துவது) ஆகாது, கால்தான் (எதிராளி வைத்த அளவுக்கு மட்டும் ஈடாக வைப்பது); டீலர் 600 திருப்பித் தருவார். "ரெய்ஸ்" என்றோ தொகையையோ வாயால் சொல்லிவிட்டுத்தான் சிப்பை நகர்த்த வேண்டும். அதேபோல, முதலில் கொஞ்சம் சிப் வைத்துவிட்டு, கை திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் எடுத்து வைப்பதும் செல்லாது. படத்தில் பார்க்கிற "உன் நூறுக்குக் கால், அதுக்கு மேல இன்னொரு ஐந்நூறு" பாணி அங்கே எடுபடாது. "கால்" என்று சொன்ன பிறகு மிச்சம் எல்லாம் காற்றோடு போச்சு.

அடுத்தது, உங்கள் சீட்டுக்கு நீங்கள்தான் காவல். டீலருக்கு இரு பக்கமும் ஒட்டியுள்ள இருக்கைகளில் இது முக்கியம். மேலே ஒன்றும் வைக்காமல் விட்டால், மடித்த சீட்டு என்று நினைத்து டீலர் வாரிக்கொண்டு போய்விடலாம். போனது போனதுதான். சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மதிப்புள்ள சிப்பை அடுக்கின் பின்னால் ஒளிக்கவும் கூடாது. எதிராளி எண்ணிப் பார்க்கும்படி முன்னால் இருக்க வேண்டும். மேசை மாறச் சொன்னால் சிப்பைக் கையில் எல்லாரும் பார்க்கும்படி எடுத்துப் போங்கள், சட்டைப் பையில் போட்டால் பெரிய பிரச்சினை.

யோசிக்க நேரம் எடுக்கலாம். ரொம்ப நேரமானால் மற்றவர்கள் "கிளாக்" கேட்கலாம். பல போட்டிகள் பின்பற்றும் டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் விதிப்படி அப்போது 25 வினாடியும், அதற்குப் பிறகு 5 வினாடி எண்ணிக்கையும் கிடைக்கும். சந்தேகம் வந்தால் டீலரோடு வாதாடாமல் "ஃப்ளோர்" என்று கேளுங்கள். மேற்பார்வையாளர் வந்து முடிவு சொல்வார்.

நானும் நண்பனும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தமிழில் பேசிக்கொள்ளலாமா?

கை நடக்கும்போது கூடாது. அமெரிக்காவில் கை நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் என்பது விதி. "என்னடா வச்சிருக்க?" என்று சும்மா கேட்டாலும் எதிரில் இருப்பவருக்குக் கூட்டுச் சதி மாதிரித்தான் கேட்கும். எச்சரிக்கையோ சில கைகளுக்கு வெளியே நிற்கும் தண்டனையோ வரலாம். மடித்த பிறகு உங்களிடம் என்ன இருந்தது என்று சொல்வதும் தப்பு, எந்த மொழியானாலும். கைகளுக்கு இடையே தாராளமாக ஊர்க்கதை பேசலாம்.

நண்பன் என்பதற்காக ஒருவர் மேல் ஒருவர் பணம் கட்டாமல் மெதுவாக ஆடுவதும் விதிமீறல்தான். சேர்ந்தே இருக்க வேண்டும் என்றால் சாப்பாட்டு நேரத்தில் சேருங்கள்.

நடுவில் பாத்ரூம் போனால்?

தாராளமாகப் போகலாம். சிப் மேசையிலேயே இருக்கும், நீங்கள் இல்லாவிட்டாலும் பிளைண்ட் கழிந்துகொண்டே போகும். எல்லாருக்கும் சீட்டுப் போட்டு முடிக்கும்போது இருக்கையில் இல்லை என்றால் அந்தக் கை உங்களுக்கு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடைவேளை விடுவது வழக்கம். அப்போது எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுவார்கள், அதனால் இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்பு மடித்துவிட்டு நழுவுவது அனுபவசாலிகளின் வழி.

எத்தனையாவது இடம் வந்தால் காசு வரும்?

பொதுவாகக் கலந்துகொண்டவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு. 2023 மெயின் ஈவென்டில் 1,507 பேருக்கு. கடைசி நிலைப் பரிசு 15,000 டாலர், அதாவது கட்டியதைப் போல ஒன்றரை மடங்கு. முதல் பரிசு 1.21 கோடி. எல்லாப் பணமும் மேலே குவிந்திருக்கும். "காசு வந்துவிட்டது" என்பதற்கும் "லாபம் வந்தது" என்பதற்கும் தூரம் அதிகம், ரீ-என்ட்ரி போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

15 சதவீதம் என்றே வைத்து, எல்லாரும் சமமாக ஆடுவதாகக் கணக்குப் போடுங்கள். நான்கு டோர்னமென்ட் ஆடினால் நான்கிலும் வெறுங்கையோடு வரும் வாய்ப்பு 52 சதவீதம். பாதிக்கு மேல்! விடுமுறையில் ஒன்றும் ஜெயிக்கவில்லை என்றால் அது துரதிர்ஷ்டம்கூட இல்லை, சராசரி.

பரிசு எல்லைக்கு ஒருவர் முன்னதாக ஆட்டம் வந்து நிற்கும் நேரத்தைப் பபிள் என்பார்கள். அப்போது எல்லா மேசைகளும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கையாக ஆடும், யாரும் மெதுவாக ஆடி மற்றவர் விழக் காத்திருக்கக் கூடாது என்பதற்காக.

மூன்று பேர்தான் மிச்சம், "பங்கு போட்டுக்கலாம்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

தினசரி டோர்னமென்டுகளில் சகஜம். எல்லாரும் சம்மதித்தால் மட்டுமே நடக்கும், நீங்கள் மறுத்தால் முறைப்பார்களே தவிர ஒன்றும் செய்ய முடியாது. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மிச்சப் பரிசு 3,000, 2,000, 1,000 டாலர். சிப்பில் 50, 30, 20 சதவீதம் என்று மூவரிடமும் இருக்கிறது. மொத்தம் 6,000-ஐ அப்படியே சிப் விகிதத்தில் பிரித்தால் 3,000, 1,800, 1,200. இதில் பெரிய அடுக்கு வைத்திருப்பவர் இன்னும் ஜெயிக்காமலேயே முதல் பரிசை முழுசாக எடுத்துக்கொண்டு போகிறார்! ஐசிஎம் என்ற முறையில், ஒவ்வொருவரும் எந்த இடத்தில் முடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டால் சுமார் 2,340, 1,975, 1,685 வரும். அதுதான் நியாயமான கணக்கு. சிப் குறைவாக உள்ளவர் நீங்கள் என்றால் "ஐசிஎம் போடுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தின் விலை 485 டாலர். பெரிய அடுக்கு உங்களுடையது என்றால் அவர்களே கேட்கட்டும்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

ஸ்ட்ரக்சர் ஷீட்டின் அடியைப் பாருங்கள். பல இடங்களில் பரிசுத் தொகையிலிருந்து 3 சதவீதம்போல ஊழியர்களுக்கென்று ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். அப்படியானால் கட்டாயமில்லை. எடுக்கவில்லை என்றால், பரிசு வாங்கும்போது கவுன்டரில் கொஞ்சம் விட்டுவிட்டு வருவது வழக்கம். குடிக்கக் கொண்டுவருபவருக்கு ஒவ்வொரு தடவையும் ஓரிரு டாலர்; பானம் இலவசம்தான், அவருக்கு அதுதான் வருமானம்.

நிறைய ஜெயித்துவிட்டால் வரி?

அமெரிக்கரல்லாதவர் பெரிய பரிசு வாங்கினால் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் போன்ற சில நாடுகளுக்கு வரி ஒப்பந்தப்படி விலக்கு உண்டு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பிளாக்ஜாக், ரவுலட் ஆட்டங்களில் ஜெயித்தால் வெளிநாட்டவருக்கு இந்தப் பிடித்தம் கிடையாது, போக்கருக்கு உண்டு. கோபம் வரும், ஆனால் சட்டம் அப்படி. மற்ற டோர்னமென்டுகளில் விட்டதைக் காட்டிக் கழித்துக்கொள்ளவும் வெளிநாட்டவருக்குப் பொதுவாக வழியில்லை. பிடித்ததற்கு 1042-எஸ் என்ற படிவம் வரும், பத்திரமாக வையுங்கள்; சொந்த நாட்டில் கணக்குக் காட்ட ஆடிட்டர் அதைக் கேட்பார்.

முதல் நாள் தப்பித்துவிட்டேன், இரண்டாம் நாள் ஆட்டத்தன்று எனக்கு விமானம். என் சிப்பை நண்பன் ஆடலாமா?

ஆட முடியாது, இருக்கை உங்கள் பேருக்கு. விற்கவும் முடியாது. வராவிட்டால், முதல் நாள் முடிவில் பையில் போட்டு வைத்த உங்கள் சிப்பை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள், பாத்ரூம் கேள்வியில் சொன்னது போலப் பிளைண்ட் கழிந்து தீரும். பரிசு எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்தால் எந்த இடத்தில் தீர்கிறதோ அந்த இடத்துப் பரிசு உங்களுடையது. தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பல நாள் போட்டியில் சேருமுன் கடைசி நாள் என்று எது போட்டிருக்கிறது என்று பார்த்து, மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். இல்லையா, ஒரே நாளில் முடிகிற போட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோற்றபின் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து விட்டதைப் பிடிக்கலாமா?

டோர்னமென்ட் அறையிலிருந்து வெளியே வரும் வழியெல்லாம் ஸ்லாட் மெஷினாக இருப்பது தற்செயலல்ல. ஸ்லாட்டிலும் ரவுலட்டிலும் நீங்கள் எதிர்த்து ஆடுவது கேசினோவை. கணக்கு எப்போதும் அதன் பக்கம். போக்கரில் விட்ட 200-ஐ அங்கே பிடிக்கப் போனவர்கள் எத்தனை விட்டார்கள் என்பதை மறுநாள் காலைவரை சொல்லவே மாட்டார்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய பணத்தைத் தனித்தனி உறையில் போட்டு, மிச்சத்தையும் டெபிட் கார்டையும் அறை லாக்கரில் வைத்துவிட்டு இறங்குவது நல்ல வழி. கேசினோ உள்ளே இருக்கும் ஏடிஎம்களில் கட்டணமும் கொள்ளை.

ஜெயித்ததை ரொக்கமாகவே ஊருக்கு எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போகத் தடையில்லை. 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் அறிவிக்க வேண்டும், வரும்போதும் அப்படியே. குடும்பமாகப் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்து வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மொத்தமாகத்தான் கணக்கு. அறிவித்தால் அதற்கென்று வரி எதுவும் இல்லை, ஒரு படிவம் நிரப்புவதோடு சரி. அறிவிக்காமல் மாட்டினால் முழுப் பணத்தையும் பறிமுதல் செய்யலாம். இறங்குகிற நாட்டின் வரம்பு தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொகை என்றால் கவுன்டரிலேயே காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ கேளுங்கள்.